மூன்று எதிரிகள், இரண்டு கைகள்: மோட்டார் சைக்கிள் கையுறையின் கதை

மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுக்கப்போகிறேன் என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். முதலில் "வேண்டாம்" என்பார்கள். இரண்டு வாரம் கழித்து "நல்ல ஹெல்மெட்டாக வாங்கு" என்பார்கள். கையுறையைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். கடைக்குப் போனால் அங்கே நாற்பது வகை தொங்கும். கோடைக்கு, மழைக்கு, குளிருக்கு, பந்தயத்துக்கு என்று தனித்தனியாக. எல்லாக் காலத்துக்கும் பொருந்துகிற ஒரே கையுறை ஏன் இல்லை? இது வியாபாரத் தந்திரமா?

இல்லை. நான் படித்தது பொறியியல். ஒரு பொருள் ஏன் இப்படி இருக்கிறது என்று புரியாவிட்டால் அதன் வரலாற்றைத் தேடிப் போவது என் பழக்கம். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரின் கைக்கு மூன்று எதிரிகள்: காற்று, தண்ணீர், வீதி. இந்த மூன்றையும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு காரணத்துக்காக எதிர்த்தார்கள். ஒன்றுக்குக் கண்டுபிடித்த மருந்து இன்னொன்றுக்கு இடைஞ்சல். அதனால்தான் நாற்பது வகை.

காற்று

1885ஆம் ஆண்டு ஜேர்மனியில் கொட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் மரச்சட்டத்தில் பெற்றோல் இயந்திரம் பூட்டிய ஓர் இருசக்கர வண்டியைச் செய்தார்கள். அதன் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 12 கி.மீ. சைக்கிள் வேகம்தான். கையுறை தேவைப்படவில்லை. 1907இல் மான் தீவில் முதல் டி.டி. பந்தயம் நடந்தபோது, ஒற்றை சிலிண்டர் பிரிவில் வென்ற சார்லி கொலியரின் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 61 கி.மீ. இருபத்திரண்டு ஆண்டில் வேகம் ஐந்து மடங்கு. வேகம் வந்தபோது குளிரும் கூடவே வந்தது.

அன்றைய ஓட்டுநர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. கூரையில்லாத கார் ஓட்டியவர்களும் குதிரையில் போனவர்களும் போட்ட தோல் கையுறையை எடுத்துக்கொண்டார்கள். அதில் மணிக்கட்டைத் தாண்டி முழங்கை நோக்கி நீளும் அகலமான பட்டை இருக்கும். பழைய போர்வீரர்களின் இரும்புக் கையுறை போன்ற வடிவம். அது அழகுக்கு அல்ல. கைப்பிடியைப் பிடிக்கக் கையை நீட்டும்போது சட்டையின் கைவாய் முன்னால் திறந்து நிற்கும். காற்று அதற்குள் புகுந்து தோள்வரை போகும். அந்த நீண்ட பட்டை அந்த வாயை மூடியது. இன்றைய குளிர்காலக் கையுறையிலும் அதே பட்டைதான் இருக்கிறது.

முதலாம் உலகப் போரில் தொலைபேசிக் கம்பிகள் குண்டுகளால் அடிக்கடி அறுந்தன. அப்போது செய்தி கொண்டு போனவர்களில் மோட்டார் சைக்கிள் தூதர்கள் முக்கியமானவர்கள். பிரித்தானியப் படையினர் பலர் ஓட்டியது ட்ரையம்ப் நிறுவனத்தின் 550 சி.சி. வண்டி. இரவு பகல், மழை பனி என்று பார்க்காமல் ஓட வேண்டிய வேலை. கைக்கு இருந்தது தோல் மட்டும்.

குளிர் ஏன் முதலில் விரலைத் தாக்குகிறது? விரலை மடக்கி நிமிர்த்தும் தசைகள் விரலுக்குள் இல்லை. அவை முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கின்றன. தசை இல்லாத இடத்தில் சூடு உண்டாவதும் குறைவு. விரலுக்குச் சூடு இரத்தத்தோடுதான் வரவேண்டும். உடம்பு குளிர்ந்தால் மூளை இதயத்தையும் குடலையும் காப்பாற்றப் பார்க்கும். விரலுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துவிடும். விரல் விறைக்கும், தொடுவுணர்வு போகும், பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஒரு வினாடிக்கு 22 மீற்றர் போகிறோம். விறைத்த விரல் அரை வினாடி தாமதித்தால் 11 மீற்றர் போய்விட்டது. ஒரு சந்தியைக் கடக்க அது போதும்.

காற்றும் குளிரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணில் சொன்னவர்கள் மோட்டார் சைக்கிள்காரர்கள் அல்லர். 1940களின் தொடக்கத்தில் போல் சைப்பிள், சார்ள்ஸ் பாசெல் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அண்டார்க்டிகாவில் ஒரு சிறிய பிளாஸ்டிக் உருளையில் தண்ணீர் நிரப்பி வெளியே தொங்கவிட்டார்கள். வெவ்வேறு காற்று வேகத்தில் அது உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்தார்கள். 1945இல் முடிவை வெளியிட்டார்கள். கனடாவில் குளிர்காலத்தில் வானிலைச் செய்தியில் "மைனஸ் 20, ஆனால் மைனஸ் 31 போல இருக்கும்" என்கிறார்களே, அந்த யோசனையின் வேர் இதுதான். கனடாவும் அமெரிக்காவும் 2001இல் அந்தச் சூத்திரத்தைத் திருத்தின.

திருத்திய சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். வெப்பநிலை 5 பாகை, வேகம் மணிக்கு 80 கி.மீ. என்றால் விடை மைனஸ் 3. இந்தச் சூத்திரம் நடந்துபோகும் ஒருவரின் வெறும் முகத்துக்காகச் செய்தது. கையுறைக்குள் இருக்கும் கைக்கு அப்படியே பொருந்தாது. 5 பாகையில் விரல் உறைந்துவிடாது என்பதும் உண்மை. ஆனால் சூடு எவ்வளவு விரைவாகப் போகிறது என்று காட்டப் போதும். "வெளியே அவ்வளவு குளிர் இல்லையே" என்று வாசலில் நின்று முடிவெடுப்பது ஏன் தவறு என்று இப்போது தெரிகிறதல்லவா?

தண்ணீர்

தோல் காற்றைத் தடுக்கும். மழையைத் தடுக்காது. நனைந்த தோல் பாரமாகும், அதிலிருந்து நீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். காய்ந்ததும் பலகை போல விறைக்கும். உடுப்புக்கு ஒரு வழி கிடைத்திருந்தது. பிரித்தானியாவில் மெழுகு பூசிய பருத்தித் துணியில் மோட்டார் சைக்கிள் மேலங்கி தைத்தார்கள். 1936இல் பார்பர் நிறுவனம் வெளியிட்ட உடுப்பு அப்படிப்பட்டதுதான். ஆனால் கையுறை என்பது சின்னச் சின்னத் துண்டுகளைத் தைத்துச் சேர்த்தது. தையல் இருக்கும் இடமெல்லாம் ஊசி துளைத்த ஓட்டை. ரப்பர் கையுறை போட்டால் மழை உள்ளே வராது, வியர்வை வெளியே போகாது. அரை மணி நேரத்தில் கை உள்ளிருந்தே நனைந்துவிடும்.

விடை ஓர் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. சட்டியில் ஒட்டாமல் இருக்கப் பூசுகிறார்களே டெஃப்லான், அந்தப் பொருளை 1938இல் ரொய் பிளங்கெட் கண்டுபிடித்திருந்தார். 1969இல் பொப் கோர் என்பவர் அதன் தண்டுகளைச் சூடாக்கி மெதுவாக இழுத்துப் பார்த்தார். ஒவ்வொன்றாக உடைந்தன. பொறுமை போய் ஒன்றைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். அது உடையாமல் பல மடங்கு நீண்டது. நீண்ட பொருளில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள். நீராவி போகும் அளவுக்குப் பெரியவை, நீர்த்துளி நுழைய முடியாத அளவுக்குச் சிறியவை. 1976இல் கோர்டெக்ஸ் துணி விற்பனைக்கு வந்தது. இன்று மழைக் கையுறையில் வெளித்தோலுக்கும் உள்துணிக்கும் நடுவே இப்படியான ஒரு சவ்வுப் பை இருக்கும்.

இதற்கும் ஒரு விலை உண்டு. ஓர் அடுக்கு கூடினால் தடிப்பு கூடும், லீவரின் தொடுவுணர்வு குறையும். நனைந்த கையை அவசரமாக இழுத்தால் உள்துணியும் கூடவே வந்துவிடும். பிறகு விரலை உள்ளே விடுவது பெரும்பாடு.

வீதி

1935 மே மாதம், "அரேபியாவின் லோரன்ஸ்" என்று பெயர்பெற்ற டி. ஈ. லோரன்ஸ் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு, ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ். அதன்பின் அவர் இராணுவத் தூதர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் கட்டுரை எழுதினார். அதே ஆண்டு பிரித்தானிய இராணுவம் தன் ஓட்டுநர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அது 1973இல்தான் வந்தது.

கைக்கு ஒரு கெய்ர்ன்ஸ் வர இன்னும் காலம் எடுத்தது. விழும்போது யாரும் யோசிப்பதில்லை. கை தானாக முன்னே நீளும். உள்ளங்கையின் அடிப்பகுதி தாரில் ஊன்றும். அங்கே மணிக்கட்டில் ஸ்கஃபொயிட் என்ற சின்ன எலும்பு இருக்கிறது. இரத்த ஓட்டம் குறைந்த எலும்பு, உடைந்தால் ஆற மாதக்கணக்கு. விசைப்பலகையில் வேலை செய்யும் எனக்கு அந்த மாதக்கணக்கு என்ன என்று சொல்லத் தேவையில்லை. உங்களில் பாதிப் பேருக்கும் அதே பிழைப்புத்தான். இப்போது நல்ல கையுறைகளில் அந்த இடத்தில் ஒரு வழுக்கும் தகடு வைக்கிறார்கள். கை தாரில் பற்றி மடங்காமல் சறுக்கிப் போகும்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ரொடெரிக் வூட்ஸ் விபத்தில் கிழிந்த உடுப்புகளை ஆராய்ந்து, ஓடும் சொரசொரப்பான பட்டியில் துணியை விழவைத்து எத்தனை வினாடியில் ஓட்டை விழுகிறது என்று அளக்கும் இயந்திரம் செய்தார். அந்த வழியில் ஐரோப்பாவின் கையுறைத் தரம் வந்தது. அதன் எண் இ.என். 13594. 2015இல் திருத்திய வடிவத்தில் உள்ளங்கை முதல் நிலைக்கு 4 வினாடியும் இரண்டாம் நிலைக்கு 8 வினாடியும் தாங்க வேண்டும். விரல் முட்டிக்குக் காப்பு இருந்தால் "கே.பி." என்று முத்திரை இருக்கும். மணிக்கட்டுப் பட்டியைப் பூட்டியபின் இழுத்தால் கையுறை கழன்று வரக்கூடாது என்பதும் ஒரு சோதனை. விழும்போது பறந்துபோகும் கையுறையால் என்ன பயன்?

பாரிஸில் இருப்பவர்களுக்கு இது வெறும் வரலாறு அல்ல. பிரான்ஸில் 2016 நவம்பர் 20 முதல் மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர் ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் சி.இ. முத்திரையுள்ள கையுறை போடுவது சட்டம். மீறினால் 68 யூரோ தண்டம், ஓட்டுபவரின் லைசென்ஸில் ஒரு புள்ளியும் போகும். ஸ்கூட்டரில் உணவு கொண்டு போகிற தம்பிமார் கவனிக்க.

அப்படியானால் எதை வாங்குவது?

எந்த எதிரி உங்கள் வீதியில் அதிகம் என்று பாருங்கள்.

20 பாகைக்கு மேல், வெயில் என்றால் வீதிதான் முதல் எதிரி. துளையிட்ட தோல், அல்லது மேலே வலைத்துணியும் உள்ளங்கையில் தோலும் உள்ள கையுறை. விடுமுறைக்கு யாழ்ப்பாணமோ சென்னையோ போய்ச் சொந்தக்காரரின் வண்டியை எடுத்தாலும் இதுதான். அங்கே மழையும் குளிர் மழை அல்ல. சவ்வுக் கையுறை போட்டால் வியர்த்துக் கொட்டும்.

10 முதல் 20 பாகை, எந்நேரமும் தூறல் என்றால் (லண்டன்காரர்களே!) மெல்லிய சவ்வுக் கையுறை. கை முழங்கையைவிடத் தாழ்ந்திருக்கும் வண்டியென்றால் ஜக்கெட்டின் கைவாயைக் கையுறைக்கு வெளியே விடுங்கள். இல்லாவிட்டால் கைவழியே வழியும் நீர் நேராக உள்ளே போகும்.

10 பாகைக்குக் கீழே போனால் நீண்ட பட்டை, புறங்கையில் தடித்த பஞ்சு, உள்ளங்கையில் மெல்லியது. தடிப்பை மட்டும் நம்பாதீர்கள். இறுக்கமான கையுறை இரத்த ஓட்டத்தைக் குறைக்கும், பஞ்சையும் நசுக்கும். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானிகளுக்குக் கொடுத்த மின்சாரக் கையுறையின் பேரப்பிள்ளைகள் இப்போது கடையில் கிடைக்கின்றன. சூடாகும் கைப்பிடி இருந்தால் மெல்லிய கையுறையே போதலாம்.

ஒரே ஒரு சோடிக்குத்தான் காசு இருக்கிறது என்றால், நீங்கள் அதிகம் ஓடும் மாதங்களுக்கு வாங்குங்கள். உள்ளே முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் நிற்கும் வண்டியில் ஏறி உட்கார்ந்து பிரேக் லீவரை ஒற்றை விரலால் இழுத்துப் பாருங்கள். பட்டியைப் பூட்டிவிட்டு, பக்கத்தில் நிற்கும் நண்பரிடம் விரல் நுனியைப் பிடித்துப் பலமாக இழுக்கச் சொல்லுங்கள். கழன்று வந்தால் அதை அங்கேயே வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.