அண்ணனுக்குப் பட்டம்... தம்பிக்கு?

1793, அயர்லாந்து. இருபத்துநாலு வயது ராணுவ அதிகாரி ஒருவர், தான் உயிராக நேசித்த வயலின்களைத் தீயில் போட்டுக் கொளுத்தினார் என்பார்கள். காரணம்? காதல் தோல்வி!

பெயர், ஆர்தர் வெல்லெஸ்லி. பிரபு வீட்டுப் பிள்ளைதான். ஆனால், இளைய பிள்ளை. அங்கேதான் சிக்கல்! பிரிட்டிஷ் பிரபுக்கள் குடும்பங்களில் பட்டம், பண்ணை, மாளிகை எல்லாமே பெரும்பாலும் மூத்த மகனுக்குத்தான். பங்கு பிரித்தால் எஸ்டேட் துண்டு துண்டாகிவிடுமே! தம்பிகள்? ராணுவம், சர்ச், வக்கீல் தொழில் என்று ஏதாவது பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

1781-ல் அப்பா இறந்ததும் மார்னிங்டன் பிரபு பட்டம் அண்ணன் ரிச்சர்டுக்குப் போனது (கூடவே கடன்களும்!). ஆர்தர் படிப்பில் சுமார். 'இவனை என்னதான் செய்வது?' என்று அம்மாவுக்கே கவலை. 1787-ல் ராணுவத்தில் சேர்த்துவிட்டார்கள்.

கிட்டி பேக்கன்ஹாம் என்ற பெண்ணை விரும்பி, பெண் கேட்டார் ஆர்தர். சொத்தில்லாத தம்பிக்கு யார் பெண் தருவார்கள்? கிட்டியின் தம்பி 'முடியாது' என்றுவிட்டார்.

வயலின் சாம்பலான அதே வருடம், ரிச்சர்டிடம் கடன் வாங்கி லெஃப்டினன்ட் கர்னல் பதவியை விலைக்கு வாங்கினார் ஆர்தர். ஆமாம், அப்போது பிரிட்டிஷ் ராணுவத்தில் பதவி விலைக்குக் கிடைக்கும்! 1871-ல்தான் அந்த வழக்கம் ஒழிந்தது.

1797-ல் கல்கத்தா வந்தார். அடுத்த வருடமே கவர்னர் ஜெனரலாக வந்து இறங்கியது... அண்ணன் ரிச்சர்டேதான்!

1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் போரிட்டு மடிந்தார். தாக்குதலை முன்னின்று நடத்தியவர் பெயர்ட். நகரின் பொறுப்போ ஆர்தர் கைக்குப் போனது. பெயர்ட் கொதித்துப்போனார். பின்னே, கவர்னர் ஜெனரலின் தம்பியாச்சே!

கொள்ளைப் பணத்தில் சுமார் 4,000 பவுண்ட் பங்கு கிடைத்ததும், பழைய கடனைத் திருப்பித்தர முன்வந்தார் ஆர்தர். அண்ணன் வாங்க மறுத்துவிட்டார்.

1805-ல் புகழோடும் பணத்தோடும் ஊர் திரும்பினார். இப்போது கிட்டி வீட்டில் ஆட்சேபணை இல்லை! 1806-ல் கல்யாணம். ஆனால், பதின்மூன்று வருடத்தில் இருவருமே மாறிப்போயிருந்தார்கள். அந்த வாழ்க்கை இனிக்கவில்லை.

1814-ல் வெலிங்டன் டியூக், 1815-ல் வாட்டர்லூவில் நெப்போலியனை வீழ்த்திய தளபதி, 1828-ல் பிரதமர். மார்க்விஸ் பட்டத்தோடு நின்றுவிட்ட அண்ணனைவிட ஒரு படி மேலே!

1852-ல் அவர் இறந்தபோது டியூக் பட்டம் யாருக்குப் போனது? மூத்த மகனுக்கு! இளைய மகன் சார்லஸ்? வேறென்ன... ராணுவ அதிகாரி!