மோரிஸ் மைனரும் மினியும்

மோரிஸ் மைனர் 1948-லும் மினி 1959-லும் வெளிவந்த பிரிட்டிஷ் சிறுகார்கள். இரண்டையும் வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ் (1906–1988). இன்று இஸ்மிர் எனப்படும் ஸ்மிர்னாவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறியவர். பார்வைக்கு உறவே இல்லாத இந்த இரண்டு கார்களும் ஒரே கேள்விக்கு அவர் கண்ட விடைகள்: சின்னக் காரில் மனிதருக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம்?

மைனரின் மாதிரி வண்டி தயாரானதும் அது ஒடுங்கித் தெரிவதாக அவருக்குப் பட்டது. அதை நெடுக்காக இரண்டாக அறுத்து, பாதிகளை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். 4 அங்குலம் விலகியபோது கண்ணுக்கு இசைந்தது. பம்பர்களோ ஏற்கெனவே செய்தாகிவிட்டன. அவற்றையும் நடுவில் வெட்டி, இடையில் ஒரு துண்டை வைத்து இணைத்தார்கள். பழைய மைனர்களில் அந்த ஒட்டு இன்றும் தெரியும். மோரிஸ் நிறுவனர் நஃபீல்டு பிரபுவுக்கு இந்தக் கார் பிடிக்கவே இல்லை. ஆனாலும் 10 லட்சத்தைத் தாண்டிய முதல் பிரிட்டிஷ் கார் இதுதான். மொத்தம் 16 லட்சத்துக்கு மேல் விற்றது.

1952-இல் ஆஸ்டின், மோரிஸ் நிறுவனங்கள் இணைந்தன. ஆஸ்டினின் 803 சிசி ஏ-சீரிஸ் எஞ்சின் மைனருக்கு வந்தது. பின்னாளில் மினிக்கும் இதே குடும்பத்து எஞ்சின்தான்.

1956-இல் சூயஸ் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. சிக்கனமான சிறுகார் ஒன்றை உடனே செய்யச் சொன்னார் இணைந்த நிறுவனத்தின் தலைவர் லெனார்ட் லார்ட். இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்கே திருப்பி வைத்தார், கியர்பெட்டியை அதன் அடியில், எஞ்சின் ஆயிலிலேயே மூழ்க வைத்தார், முன்சக்கரங்களை ஓட்டவைத்தார். சக்கரம் 10 அங்குலம். ஸ்பிரிங்குக்குப் பதில் அலெக்ஸ் மௌல்டனின் ரப்பர் கூம்புகள். 10 அடி நீளக் காரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு ஆட்களுக்கும் பெட்டிகளுக்கும் கிடைத்தது. இன்றைய சிறுகார்கள் பெரும்பாலும் குறுக்கு எஞ்சினும் முன்சக்கர இயக்கமும் கொண்டவை. அந்த வழியை உலகுக்குப் பழக்கியது மினி. 1964, 1965, 1967 மாண்டி கார்லோ ராலிகளையும் வென்றது. 2000-இல் உற்பத்தி நின்றபோது 53 லட்சத்துக்கு மேல் உருவாகியிருந்தது.

புகழில் மினிக்கே முதலிடம். கூடவே வைத்துப் புழங்குவதற்கு மைனர்தான் மேல். அதன் பானட்டைத் திறந்தால் எல்லாமே கைக்கு எட்டும். மினியிலோ டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கக் கிரில்லை ஒட்டி இருந்ததால், அடைமழையில் நனைந்து எஞ்சின் நின்றுவிடும். தொடக்ககால மினிகளின் தரைக்குள்ளும் தண்ணீர் புகுந்தது.

மைனரின் பொறுமைக்கு யாழ்ப்பாணம் சாட்சி. இலங்கை உள்நாட்டுப் போர்க்காலத்தில் பெட்ரோல் தடைபட்டபோது அங்கே மைனர் உள்ளிட்ட பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கார்புரேட்டரில் கொஞ்சம் பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இலங்கைப் பட்டறைகள் மைனருக்கு உதிரிப்பாகங்களும் செய்தன. அவை பிரிட்டனுக்கே ஏற்றுமதியாயின.