2.0: ராட்சதப் பறவையும் கைப்பேசி வட்டாரமும்

‘2.0’, ஷங்கர் இயக்கத்தில் லைகா நிறுவனம் தயாரித்த அறிவியல் புனைவுத் திரைப்படம். 2010இல் வெளியான ‘எந்திரன்’ படத்தின் தொடர்ச்சியான இது, 2018 நவம்பர் 29, வியாழக்கிழமை அன்று தமிழ், இந்தி, தெலுங்கு மொழிகளில் திரைக்கு வந்தது. ரஜினிகாந்த், அக்‌ஷய் குமார், எமி ஜாக்சன் நடித்தனர். ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்தார். ‘எந்திர’னுக்கு எழுதிய சுஜாதா 2008இல் மறைந்துவிட்டதால், இதற்கு ஜெயமோகன் வசனம் எழுதினார். மக்களின் கைகளிலிருந்து பறந்துபோகும் கைப்பேசிகள் ஒன்றுசேர்ந்து ராட்சதப் பறவையாகி நகரத்தைத் தாக்குவது கதை. தமிழில் ராட்சத உயிரிப் படம் என்று தயங்காமல் சொல்லத்தக்கவை மிகக் குறைவு. அவற்றில் இதுவே பெரியது. இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதையும், நாட்டின் முக்கியமான கைப்பேசித் தொழில் பகுதிகளில் ஒன்றான ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தை வைத்துப் பார்த்தால் படத்தில் என்ன தெரிகிறது என்பதையும் இக்கட்டுரை பேசுகிறது.

படம் முதலில் 2017 தீபாவளிக்கு வருவதாக இருந்தது. வரைகலை வேலை முடியாததால் 2018 ஜனவரி, ஏப்ரல் என்று தள்ளிப்போய் நவம்பரில் வந்தது. இத்தனை நாள் காக்க வைத்ததற்குக் கண்ணுக்குத் தெரியும் பலன் இருந்தது. பெரும்பாலான இந்திய முப்பரிமாணப் படங்கள் இருபரிமாணத்தில் எடுத்துப் பின்னால் முப்பரிமாணமாக மாற்றப்பட்டவை. இது முப்பரிமாணக் கேமராவிலேயே எடுக்கப்பட்டது. சாலை முழுக்கக் கைப்பேசிகள் மினுமினுத்துக்கொண்டு ஊர்ந்து வரும் காட்சி, பறவையின் இறகுகள் ஒவ்வொன்றும் ஒரு திரையாக ஒளிர்வது, விளையாட்டரங்கத்தில் நடக்கும் கடைசி மோதல் ஆகியவற்றை விமர்சகர்களும் ரசிகர்களும் பரவலாகப் பாராட்டினார்கள். கதை பலவீனம் என்று எழுதியவர்கள்கூடப் பெரும்பாலும் வரைகலையில் குறை சொல்லவில்லை. குழந்தைகளுக்குக் கடைசியில் புறாக்களின் மேல் ஏறிவரும் குட்டி ரோபோக்கள் பிடித்தன. ரஜினி ரசிகர்களுக்கு அமைதியான விஞ்ஞானி வசீகரனைவிட, பிற்பாதியில் திமிரோடு வந்து நிற்கும் ரோபோ சிட்டியின் புதிய வடிவம்தான் விருந்து.

ஆனால் மனத்தில் தங்கியவர் வில்லன். அக்‌ஷய் குமார் ஏற்ற பக்‌ஷிராஜன் ஒரு பறவையியல் அறிஞர். கைப்பேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சால் பறவைகள் சாகின்றன என்று தொலைத்தொடர்பு நிறுவனத்திடமும் அமைச்சரிடமும் நீதிமன்றத்திலும் முறையிட்டுத் தோற்று, ஒரு கோபுரத்திலேயே தூக்கிட்டுக்கொள்கிறார். அவருடைய முன்கதை வரும் பகுதியில் படத்தின் வேகம் குறைகிறது என்று சிலர் சொன்னார்கள். படத்தில் உயிருள்ள பகுதி அதுதான் என்பது இக்கட்டுரையின் தரப்பு. சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது: அவ்வளவு நியாயத்தோடு வந்தவரை, அவர் நேசித்த பறவைகளையே பணயமாக்கி வீழ்த்துகிறார்கள். கைதட்டலாமா கூடாதா என்று பார்ப்பவரைத் திணற வைக்கும் முடிவு அது. ஷங்கரின் பழைய படங்களில் ஊழலைத் தண்டிப்பவன் கதாநாயகன். இங்கே அந்த வேலையைச் செய்பவன் அரக்கன். கதாநாயகன் அவனை அடக்க வந்தவன்.

படம் வெளிவருவதற்கு முன்பே வந்தது வேறு வகையான எதிர்வினை. இந்திய செல்லுலார் ஆபரேட்டர்கள் சங்கம், இந்தப் படம் கைப்பேசிக்கும் கோபுரங்களுக்கும் எதிராக அறிவியலுக்குப் புறம்பான கருத்தைப் பரப்புகிறது என்று திரைப்படத் தணிக்கை வாரியத்திடமும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடமும் புகார் கொடுத்தது. பெரிய பறவை கட்டடத்தை இடிக்கும் படத்துக்கு ஒரு தொழில்துறையே அஞ்சிப் புகார் எழுதியது விளம்பரத்துக்குத்தான் உதவியது. படம் குறித்த நாளில் வெளியானது.

அறிவியல் பக்கம் பார்த்தால் சங்கம் சொன்னதில் முழுக்கத் தவறில்லை. கோபுரங்களால் பறவைகளுக்கும் தேனீக்களுக்கும் என்ன நேர்கிறது என்று ஆராய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2010இல் நிபுணர் குழு அமைத்தது. 2012 செப்டம்பர் 1 முதல், கோபுரங்களின் மின்காந்த அலை அளவு பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்குக்குமேல் போகக் கூடாது என்று இந்தியா விதித்தது. அச்சத்துக்கு அரசே ஓரளவு காது கொடுத்திருந்தது என்பதை இது காட்டுகிறது. ஆனால் 2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சிட்டுக்குருவியின் எண்ணிக்கை நாடு முழுவதும் ஏறத்தாழ நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றது. கோபுரக் கதிர்வீச்சுதான் காரணம் என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. பக்‌ஷிராஜனின் துக்கத்தை நம்பலாம். அவருடைய கணக்கை நம்ப முடியாது. பறவைகளின் ஆன்ம ஒளியோடு சேர்ந்து அவர் அரக்கனாகும் விளக்கத்தைப் படம் பார்த்தவர்களே புன்னகையோடுதான் விட்டுக்கொடுத்தார்கள்.

இனி ஸ்ரீபெரும்புதூருக்கு வருவோம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்றும், சிங்கப்பெருமாள்கோவில் சாலையில் வல்லம், ஒரகடம் என்றும் விரியும் இந்தத் தொழில் வட்டாரத்தில் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி எல்லாம் உற்பத்தியாகின்றன. கைப்பேசி வரலாறு இங்கே 2006இல் நோக்கியாவோடு தொடங்குகிறது. சுற்றுவட்டார ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறி அந்த ஆலைக்குப் போனார்கள். வரித் தகராறில் சிக்கிய ஆலை, மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை வாங்கியபோது அந்த ஒப்பந்தத்தில் சேராமல் நின்றுபோய், 2014 நவம்பர் 1 அன்று மூடப்பட்டது. ‘2.0’ வெளியான நாளில் அந்தக் கட்டடம் சும்மா கிடந்தது. மறுபுறம் அதே 2018இல் ஷியோமி, ஃபாக்ஸ்கானோடு சேர்ந்து இங்கே கைப்பேசியின் சர்க்யூட் பலகைகளைத் தயாரிக்கத் தொடங்கியிருந்தது. மறு ஆண்டு ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் எக்ஸ்ஆர் உற்பத்தி ஆரம்பமானது. நோக்கியா விட்டுப்போன ஆலையை சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் எடுத்துக்கொண்டது.

இந்தப் பின்னணியோடு படத்தைப் பார்க்கும்போது ஒரு விடுபடல் உறுத்துகிறது. ராட்சதப் பறவை பழிவாங்கும் முக்கியமான ஆட்கள் மூன்று பேர்: கைப்பேசி மொத்த வியாபாரி, தொலைத்தொடர்பு நிறுவன முதலாளி, துறை அமைச்சர். விற்றவர், அலைவரிசை கொடுத்தவர், அனுமதித்தவர் என்று மூவரும் வந்துவிட்டார்கள். கைப்பேசியைச் செய்தவர் படத்தில் எங்குமே இல்லை. ஆலை இல்லை, லைனில் நிற்கும் பெண் இல்லை, ஷிப்ட் இல்லை. சென்னையில் நடக்கும் கதையில் கைப்பேசிகள் வானத்திலிருந்து வந்தவைபோல இருக்கின்றன. ஆனால் அந்த நகரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர் தொலைவில், வேலை நேரத்தில் சொந்தக் கைப்பேசியைக் கையில் வைத்திருக்கக்கூட அனுமதி இல்லாத ஆயிரக்கணக்கானவர்கள் கைப்பேசிகளை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு தற்செயலும் உண்டு. படம் வெளியானபோது இந்த ஆலைகளும் வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயமும் ஒரே காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தன. பறவைகளைச் சுடக் கூடாது என்று வேடந்தாங்கல் மக்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டரிடம் ஆணை வாங்கியவர்கள். செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பர் 29 அன்று, படம் வெளியாகிச் சரியாக ஓராண்டில், தனியாகப் பிரிந்தபோது பறவைகள் அங்கே போயின. கைப்பேசி ஆலைகள் காஞ்சிபுரத்தில் தங்கின.

ராட்சத உயிரிப் படங்களுக்குப் பேர்போன ஜப்பானில் இப்படிப்பட்ட விடுபடல் குறைவு. 1954 மார்ச்சில் அமெரிக்கா பிகினி தீவில் நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின்மேல் விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் வந்த ‘கோஜிரா’வில் அரக்கன் முதலில் மூழ்கடிப்பது கப்பலையும் மாலுமிகளையும். பார்வையாளர்களுக்கு அது யாருடைய துயரம் என்று சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை. பின்னாளில் ஹாலிவுட் எடுத்த ‘காட்ஸில்லா வெர்சஸ் காங்’, 2021 மார்ச் 24 அன்று தமிழ் டப்பிங்கோடு இங்கே வெளியானது. கொரோனா முடக்கத்துக்குப் பிறகு பெரிய திரைக்கு ஏங்கியவர்கள் அதை இரண்டு மல்லர்களின் சண்டையாகவே பார்த்து மகிழ்ந்தார்கள். அதன் கருத்தைப் பற்றி யாரும் சண்டையிடவில்லை. ‘2.0’க்கு வந்த எதிர்ப்பும் கேலியும், அது ஒரு கருத்தைச் சொல்ல முயன்றதால் வந்தவை.

வசூல் பற்றிய எண்கள் சொல்பவருக்குச் சொல்பவர் மாறுகின்றன. ஐந்நூறு கோடிக்கு மேல் செலவானதாகச் சொல்லப்பட்ட படம் என்பதும், இந்திப் பதிப்பு வடக்கே நன்றாக ஓடியது என்பதும் தெளிவு. 2019 செப்டம்பரில் சீனாவில் வெளியானபோது எடுபடவில்லை.

திருட்டுப் பதிப்பைத் தடுக்கப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இணையதளங்களை முடக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் வெளியீட்டுக்கு முந்தைய நாள் உத்தரவிட்டது. அப்படியிருந்தும் முதல் நாளே படம் கசிந்தது. கைப்பேசிகளின் பழிவாங்கலைக் கைப்பேசியிலேயே பார்த்தவர்களும் உண்டு. கண்ணாடி போட்டு, முப்பரிமாணத்தில், முழுத் திரையில் பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட படம் இது. அரை அடித் திரையில் பார்த்துவிட்டு இதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். திரையரங்கில் மறுபடி போட்டால் அங்கே போய்ப் பார்க்கலாம்.