போருக்குப் போகாத கத்திக்குத்தான் விலை அதிகம்

இன்னைக்கு எபிசோட்ல ஒரு கத்தியோட கதை. இரண்டாம் உலகப்போர்ல பிரிட்டிஷ் கமாண்டோக்கள் வச்சிருந்த ஃபேர்பேர்ன்-சைக்ஸ் கத்தி. பழைய போர்ப் பொருள் சேர்க்கிறவங்க கிட்ட இந்தப் பேரைச் சொல்லிப் பாருங்க, கண்ணு விரியும்.

ஃபேர்பேர்ன், சைக்ஸ் ரெண்டு பேருமே ஷாங்காய் நகரப் போலீஸோட வேலை பார்த்தவங்க. தெருச்சண்டையை நேர்ல பார்த்தே கத்துக்கிட்டவங்க. 1940-ல் டன்கர்க்கில் இருந்து பிரிட்டிஷ் படை பின்வாங்கிய பிறகு, ஜெர்மானியர் பிடியில் இருந்த கடற்கரைகளில் திடீர்த் தாக்குதல் நடத்த கமாண்டோ படை உருவானது. அவங்களுக்குக் கைச்சண்டை சொல்லிக்கொடுக்க இவங்க வந்தாங்க. அதுக்குத் தோதான கத்தி கையில இல்லை. அதே வருஷம் நவம்பரில் லண்டனின் வில்கின்சன் ஸ்வோர்ட் கம்பெனியுடன் பேசி வடிவத்தை முடிவு பண்ணாங்க. 1941-ல் முதல் கத்திகள் வந்தன.

சேகரிப்பாளர்கள் இதை மூணு வகையா பிரிக்கிறாங்க. முதல் வகையில் கைப்பிடிக்கு மேலே இருக்கும் குறுக்குத்தகடு 'எஸ்' எழுத்து மாதிரி வளைஞ்சிருக்கும். அலகின் அடியில் ஒரு சின்னத் தட்டைப் பகுதி, அதில் கத்தியின் பேரும் கம்பெனி பேரும் பொறிச்சிருக்கும். பார்க்க அழகு, ஆனா செய்ய நேரமாகும். போர் காத்திருக்குமா? 1942-ல் இரண்டாம் வகையில் அந்த வளைவு நேராச்சு, தட்டைப் பகுதி போச்சு. 1943-ல் வந்த மூன்றாம் வகையில், பித்தளையைக் கடைஞ்சு செஞ்ச கைப்பிடிக்குப் பதிலா, அச்சில் வார்த்த வளையம் போட்ட கைப்பிடி. வேகமா, நிறைய செய்யலாம். பல கத்திகளில் செஞ்சவர் பேரே கிடையாது.

அதனாலதான் முதல் வகை அபூர்வம். இங்கதான் சிக்கலே. பொறிப்பு மங்காம, அலகு தேயாம இருந்தா விலை எகிறும். ஆனா சிப்பாய் கையில இருந்த கத்தியைத் தீட்டியிருப்பாங்க, அலகு ஒல்லியாகும், முனை உடையும், எழுத்து அழியும். அப்போ சந்தை அதிகக் காசு கொடுக்கறது பெரும்பாலும் பெட்டியிலேயே தூங்கின கத்திக்கு!

காசு இருக்கிற இடத்துல போலியும் வரும். போருக்கு அப்புறமும் இந்த வடிவத்தை நினைவுப்பொருளா செஞ்சு வித்துக்கிட்டே இருக்காங்க. அதில் ஒண்ணை வாங்கி, எழுத்தைப் பொறிச்சு, துருவேத்தி, 1941 சரக்குன்னு தள்ளிவிடறது பெரிய வித்தையில்லை. கூடவே வர்ற 'எங்க தாத்தா நார்மண்டியில கொண்டுபோனது' கதைக்கும் தனி விலை. கதைக்குத் தாள் ஆதாரம் கேளுங்க. இல்லைன்னா கத்திக்கு மட்டும் காசு கொடுங்க.

அடுத்த முறை மியூசியத்துல இந்தக் கத்தியைப் பார்த்தா, பளபளப்பைத் தாண்டி அலகோட ஓரத்தைக் கவனிங்க. தீட்டித் தீட்டித் தேஞ்சு போயிருந்தா, ஒருத்தர் அதை நம்பி நாளைக் கடத்தியிருக்க வாய்ப்பிருக்கு. ஏலத்துல அதுக்கு விலை குறைவுதான். வரலாறு அதுலதான் கூட.