கல்லும் இருட்டறையும்: கல்வெட்டுப் பதிப்பிலே காணப்படாத ஒரு கை

குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவுக்குப் படகேறுவோருட் பெரும்பாலோர் நாகபூசணி அம்மனையோ நாகவிகாரையையோ தரிசிக்கச் செல்பவர்கள். அம்மன் கோயிலிலுள்ள கற்பலகையொன்றைப் பார்ப்பதற்கெனச் செல்பவர் மிகச் சிலரே. முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்ச் சாசனம் அது. அயல்நாட்டு வணிகர் ஊராத்துறையிலே வந்து தங்கவேண்டும், அவர்களுக்குக் காப்பளிக்கப்படும் என அது கூறுகின்றது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் சேதமுற்றால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கும் எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன. வேறு சரக்கு ஏற்றிவந்த கலமாயின் சரிபாதி பண்டாரத்தைச் சேரும். அரசின் தேவை எதுவோ அதற்கேற்ப வரியின் கடுமை கூடியும் குறைந்தும் அமைவதைக் காட்டும் இத்துணைத் தெளிவான பொருளியல் ஆவணம் ஈழத்திலே அரிது. கா. இந்திரபாலா 1963இல் இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழில் இச்சாசனத்தை ஆராய்ந்து வெளியிட்ட பின்னரே அது பரந்த ஆய்வுலகின் கவனத்துக்கு வந்தது.

கல்வெட்டைப் படித்த அறிஞரின் பெயர் நமக்குத் தெரியும். வெட்டுவித்த மன்னனின் பெயரும் தெரியும். வெட்டிய சிற்பியின் பெயர் தெரியாது. இது பழைய கதை. ஆனால் கல்லுக்கும் வாசகனுக்கும் இடையில், இருபதாம் நூற்றாண்டிலே, பெயரற்ற இன்னொரு தொழிலாளி நின்றான். அச்சகத்தின் இருட்டறையில் 'லித்' பிலிம் கழுவியவனே அவன். நமது பாடவரலாற்று ஆராய்ச்சி ஏடெழுதியவனின் பிழைகளைப் பற்றி எவ்வளவோ பேசியுள்ளது. அச்சுக்கோத்தவனைப் பற்றியும் ஓரளவு பேசியுள்ளது. இவனைப் பற்றிப் பேசியதில்லை.

கல்வெட்டுப் படமொன்று நூலில் இடம்பெறும் முறையைச் சற்று விரிவாகவே நோக்கவேண்டும். ஈரத்தாளைக் கல்லின்மீது ஒற்றி, தூரிகையால் அடித்து, மேலே மை தட்டி எடுப்பது மைப்படி. குழிந்த எழுத்து வெள்ளையாகவும் கல்லின் மேற்பரப்பு கறுப்பாகவும் விழும். கல்லின் காயங்களும் வெள்ளையாகவே விழும். அரைகுறையாகத் தேய்ந்த இடங்கள் சாம்பல் நிறமாகும். பழகிய கண்ணுக்கு அச்சாம்பலே முக்கியமானது. 'இங்கு ஓர் எழுத்து இருந்திருக்கலாம்' என்னும் ஐயம் அங்கேதான் உறைகின்றது. அச்சு இயந்திரமோ சாம்பலை அறியாது. மை ஒன்று உண்டு, அல்லது இல்லை. எனவே மைப்படியைக் கறுப்பு, வெள்ளை என இரண்டாக மட்டும் பிரித்துத் தரும் பிலிம் தேவைப்பட்டது. லிதோகிராபி என்னும் கல்லச்சு முறையின் பெயரே சுருங்கி இந்தப் பிலிமுக்கு வந்தது என்பதில் ஒரு தற்செயலான பொருத்தமுண்டு.

இந்தப் பிலிம் செந்நிறத்தைக் காணாது. ஆதலால் செவ்விளக்கின் கீழ் அதனைக் கையாளலாம். கழுவும்போதே உருவம் எழுவதைக் கண்ணாற் பார்க்கலாம். இதனை உருத்துலக்கும் கரைசலில் ஐதரோகுயினோன் ஒன்றே வினைபுரியும். சல்பைற்று மிகச் சிறிதளவே தனித்து நிற்கும்படி போமல்டிகைட்டுச் சேர்வையொன்று இடப்பட்டிருக்கும். வினையின்போது தோன்றும் விளைபொருள்கள் அயலிலுள்ள வெள்ளி உப்பின் மணிகளையும் தூண்ட, ஓரிடத்தில் தொடங்கிய கறுப்பு வேகமாகப் பெருகும். யூல் 1945இல் இதனை விளக்கியபோது 'தொற்று' என்னும் சொல்லாலேயே குறிப்பிட்டார். இடைநிறம் தங்கி நிற்க அவகாசமே கிடையாது. வெளிச்சம் ஓர் எல்லையைத் தாண்டிய இடம் முழுக் கறுப்பு. தாண்டாத இடம் வெறும் கண்ணாடி.

அந்த எல்லையை வகுத்தது யார்? உற்பத்தியாளன் தந்த அறிவுறுத்தற்றாளில் 20 பாகை வெப்பநிலை, ஏறத்தாழ இரண்டே முக்கால் நிமிடம் என்றிருக்கும். யாழ்ப்பாணத்து இருட்டறையில் 30 பாகை சாதாரணம். தட்டைப் பனிக்கட்டி நீரில் வைக்கவேண்டும்; அல்லது நேரத்தைக் குறைத்துக் கண்மதிப்பில் எடுக்கவேண்டும். 'அ', 'ஆ' என இரு புட்டிகளில் வரும் கரைசலைக் கலந்தபின் சில மணி நேரமே அது உயிரோடிருக்கும். செலவுக்கு அஞ்சிய முதலாளியின் கடையிலோ மாலைவரை அதே தட்டு. சுண்ணக்கற் பாறையூடு ஊறிவரும் நமது கிணற்றுநீர் காரக் கரைசலிற் கலந்ததும் வெண்படிவு இறங்கும். அப்படிவின் துகள் பிலிமில் ஒட்டும். நுண்ணிய கோடுகள் வேண்டுமாயின் முதலிற் சற்று ஆட்டிவிட்டுப் பின் தட்டை அசைக்காது விடவேண்டும் என்பது எந்தப் பாடசாலையிலும் கற்பிக்கப்பட்டதன்று. கையிலிருந்து கைக்கு வந்த அறிவு அது.

இதன் விளைவு எழுத்திலே தெரியும். மைப்படியின் வெள்ளை எழுத்து நெகற்றிவில் கறுப்பாகும். வெளிச்சம் கூடினால், அன்றி அதிக நேரம் கழுவினால், அக்கறுப்புத் தடிக்கும். அடுத்தடுத்த இரு கோடுகள் ஒன்றாகும். கல்லின் காயமும் எழுத்தைப்போலத் தெளிவு பெறும். குறைந்தால் மெல்லிய கீற்றுகள் மறைந்தே போகும். புள்ளி பெரும்பாலும் இடப்படாத, குறில் நெடில் எகர ஒகரங்கள் வேறுபடாத, ரகரமும் காலும் ஒன்றுபோலத் தோன்றும் இடைக்காலத் தமிழெழுத்திலே இது சிறிய சேதமன்று. தகட்டுக்கு ஏற்றும்போது நெகற்றிவில் ஒரு தூசு கிடந்தால் அச்சிலே ஒரு வெண்புள்ளி விழும். ஆயிரம் ஆண்டுக்கு முன் சிற்பி இடாத புள்ளியைத் தூசு இட்டுவிடும்.

பிறகு திருத்தும் வேலை தொடங்கும். எழுத்தின் கறுப்பினூடு ஊசித்துளைகள் தெரிந்தால் தூரிகையாற் சாயம் பூசி அடைப்பான். வேண்டாத கறுப்பைச் சவர அலகாற் சுரண்டுவான். எது வேண்டாதது என்று அவன் எவ்வாறு அறிவான்? பக்கம் சுத்தமாக இருக்கவேண்டும் என்பதே அவனுக்கு இடப்பட்ட கட்டளை. ஒளிப்படம் வந்ததும் கலைப்பணியிலிருந்து கை விடுபட்டது, அப்பணி கண்ணுக்கு மாறியது என வால்டர் பென்யமின் 1936இல் வெளியான தமது புகழ்பெற்ற கட்டுரையிற் கூறினார். அச்சகத்தின் பின்னறையை அவர் எட்டிப்பார்த்திருந்தால், விடுபட்ட கை அங்கே அலகோடும் தூரிகையோடும் குறைந்த கூலிக்கு அமர்ந்திருப்பதைக் கண்டிருப்பார்.

யாழ்ப்பாணத்தாருக்குக் 'கல்வெட்டு' என்றால் இன்னொரு பொருளும் உண்டு. இறந்தவரின் அந்தியேட்டியன்று வழங்கும் நினைவு நூலும் கல்வெட்டே. சாசனத்தை அச்சிட்ட அதே தொழில்நுட்பமே அதன் முகப்புப் படத்தையும் அச்சிட்டது. மனித முகமோ சாம்பலால் ஆனது. ஆகவே அதனைத் திரையொன்றின் ஊடாகப் புள்ளிகளாக உடைத்தே லித் பிலிமுக்குள் செலுத்தவேண்டும். மைசன்பாக் 1882இல் காப்புரிமை பெற்ற முறையின் வழிவந்தது அது. பெரிய மனிதருக்கு நல்ல படம் இருக்கும். தீவுப்பகுதித் தொழிலாளியின் குடும்பம் அடையாள அட்டைப் படத்தையே கொண்டுவரும். அதைப் பெருப்பித்தால் புள்ளிகளுக்குள் கண்கள் கரைந்துவிடும். இருட்டறைக்காரன் அந்தக் கண்களுக்குத் தூரிகையால் ஒளி வைத்தான். சாசனத்தில் ஆய்வாளன் பிழையெனக் கொள்ளவேண்டிய அதே செயல் இங்கே பிள்ளைகளுக்குத் தகப்பனைத் திருப்பிக் கொடுத்தது. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க என்னால் இயலவில்லை.

இந்த நெகற்றிவ்கள் எங்கே? பெரும்பாலும் இல்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகமும் ஈழநாடு அலுவலகமும் எரிந்தன; 1995இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. ஆயினும் நெருப்பையும் போரையும் மாத்திரம் குறைகூறல் பொருந்தாது. பிலிமில் வெள்ளி உண்டு. வேலை முடிந்த பிலிமும் பழைய ஹைப்போக் கரைசலும் வெள்ளி பிரிப்போருக்கு விலைப்படும் பொருள்கள். ஆவணமாக மதிப்பற்றதும் உலோகமாக மதிப்புள்ளதுமான ஒன்றைச் சந்தை என்ன செய்யுமோ அதையே செய்தது. மூலக் கல்லும் தேய, மைப்படியும் அழிந்தால் எஞ்சுவது அச்சுப் பக்கத்துக் கறுப்பும் வெள்ளையுமே.

கணினியிலிருந்து நேரே தகட்டுக்குச் செல்லும் முறை வந்தபின் இத்தொழில் பெரும்பாலும் மறைந்தது. அந்த எல்லைக்கோடு மறையவில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் முதலாக ஈழத்து எழுத்துகளை எண்ணிமப்படுத்தும் முயற்சிகள் பெருகியுள்ளன. பக்கமொன்றை இருநிறத்தில் வருடும்போது, எந்தச் சாம்பல் கறுப்பு, எது வெள்ளை என்பதை இப்போது ஓர் எண் தீர்மானிக்கின்றது. கோப்பின் அளவைச் சுருக்க அந்த எண்ணைத் தெரிபவரும் பெரும்பாலும் பெயர் குறிப்பிடப்படாத ஊழியரே. கல்வெட்டுப் படமொன்றை மேற்கோள் காட்டுமுன், அது மைப்படியா, கோட்டுப் படமா, திருத்தப்பட்ட பிலிமா, இருநிற வருடலா என்பதைப் பதிப்புக் குறிப்பிலே எழுதுமாறு நமது ஆய்விதழ்கள் கோரலாம். இருட்டறையிற் பணிபுரிந்த முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். எதைச் சுரண்டினார்கள், எதை விட்டார்கள், ஏன் என்று அவர்களிடம் கேட்டுப் பதிவுசெய்ய இப்போதும் முடியும்.