காசத்தின் மறைவில் வளர்ந்த புற்று

தமிழகத்தில் நுரையீரல் புற்றுநோயைக் கண்டறிந்த வரலாறு காசநோயின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது. நாள்பட்ட இருமல், சளியில் ரத்தம், உடல் மெலிவு ஆகியவை இரண்டுக்கும் பொது. காசம் மலிந்திருந்த ஊர்களில் புற்றும் காசமாகவே எண்ணப்பட வழி இருந்தது.

1928-இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் காசநோய் சானடோரியத்தைத் தொடங்கினார். 1934-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் திறக்கப்பட்டது. மார்பு எக்ஸ்ரே நுரையீரலில் ஒரு நிழலைக் காட்டும். அந்த நிழல் காசமா, புற்றா என்பதை எக்ஸ்ரே மட்டும் முடிவு செய்யாது. சதைத் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் புற்று உறுதியாகும்.

1933-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரஹாம் புற்று கண்ட நுரையீரலை முழுவதுமாக அகற்றினார். அந்த நோயாளி அதன்பின் ஏறத்தாழ 30 ஆண்டுகள் வாழ்ந்தார். பரவும் முன் பிடித்தால் இந்நோயைக் குணப்படுத்தலாம் என்பதை இது காட்டியது. 1950-இல் வெளியான ஆய்வுகள் புகைப்பழக்கத்துக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவை நிலைநாட்டின. 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவானது.

விருதுநகர் மாவட்டத்தில் வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடும் இருக்கன்குடியில், கண் நோய் தீர வேண்டி மாரியம்மனுக்குக் கண் வடிவக் கண்மலர் செலுத்தும் வழக்கம் உண்டு. கண் மங்கினால் பெரும்பாலும் தெரிந்துவிடும். நுரையீரல் திசுவிலோ வலி உணரும் நரம்பு இல்லை. கட்டி சத்தமின்றி வளரும். சுற்றுவட்டாரத்தில் தீப்பெட்டி ஆபீஸிலும் பட்டாசு ஆலையிலும் வேலை பார்ப்பவர் இருமலை வெடிமருந்துத் தூசியின் மேலோ பீடியின் மேலோ போட்டுவிடுவது எளிது. அதற்குள் புற்று நிணநீர் முடிச்சுகளுக்கும் எலும்புக்கும் பரவிவிட்டால் அறுவைக்கு வழியிருக்காது.

2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வு, நெடுங்காலம் அதிகம் புகைத்தவர்களைக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேனால் ஆண்டுதோறும் பரிசோதித்தபோது, எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட நுரையீரல் புற்று மரணம் 20 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. இருக்கன்குடி அடங்கிய மாவட்டத்திலும், விருதுநகரில், 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது.

இரண்டு வாரம் கடந்தும் இருமல் நீடித்தால் சளியையும் மார்பையும் பரிசோதிக்க வேண்டும். சளியில் ரத்தம் கண்டால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. காச மருந்துக்குக் கேட்காத நிழலைப் புற்றில்லை என்று உறுதியாகும்வரை விடக்கூடாது.