தீவுகளில் ஒலித்த 'உனக்குத் தெரியுமா'

ரொறன்ரோவில் அண்மையில் ஒரு திருமண வரவேற்புக்குச் சென்றிருந்தேன். மணமகள் வீட்டார் வேலணை. மணமகன் வீட்டார் நயினாதீவு. உணவு முடிந்ததும் இசைப் பொறுப்பில் இருந்த இளைஞர் 'சுராங்கனி'யை ஒலிக்கவிட்டார். பேரப்பிள்ளைகள் முதல் பாட்டிமார் வரை எழுந்து ஆடினர். அது ஓய்ந்ததும், எழுபதைக் கடந்த மூவர் அந்த இளைஞரிடம் போய், "தம்பி, பரமேஷின்ர 'உனக்குத் தெரியுமா' இருக்குதோ?" என்று கேட்டனர். அவர் விழித்தார். பாட்டும் தெரியாது, பாடகரும் தெரியாது. ஆனால் மரியாதை தெரிந்த பிள்ளை. கைப்பேசியில் தேடி எடுத்து ஒலிபெருக்கியுடன் இணைத்தார்.

ஆடுவதற்கு உதவாத பாட்டு அது. ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்கள். ஆனால் மண்டபத்தின் பின்வரிசை மேசைகளில் பேச்சு அடங்கியது. அந்த அமைதியைப் பற்றி எழுத வேண்டும் என்று அன்றிரவே எண்ணிக்கொண்டேன்.

'சிலோன் பொப்' என்றதும் தமிழ்நாட்டு வாசகர்களுக்கும் புலம்பெயர்ந்த நம்மவரின் பிள்ளைகளுக்கும் நினைவுக்கு வருவது கும்மாளம்தான். அதில் தவறில்லை. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே', ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' ஆகியவை கடல் கடந்து புகழ் பெற்றன. 'சுராங்கனி'யை 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா எடுத்தாண்டார். மனோகரன் தமிழ்நாட்டில் 'சிலோன் மனோகர்' ஆகித் திரையிலும் வலம்வந்து, 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

இந்தத் துள்ளலின் வேர் பைலா. 'ஆடு' என்னும் பொருள்படும் போர்த்துக்கீசச் சொல்லிலிருந்து வந்த பெயர். போர்த்துக்கீசர் கொண்டுவந்த இசையும் அவர்களோடு வந்த ஆபிரிக்கரின் தாளமும் கலந்து கரையோரங்களில் வளர்ந்ததை, 1940களில் வொலி பஸ்தியன் மேடைக்குரிய வடிவமாக்கினார். தீவகத்தவனான எனக்கு இதில் ஒரு தனி வேடிக்கை தோன்றுவதுண்டு. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் கடலில் நிற்கும் கோட்டையும், நெடுந்தீவில் சிதைந்து கிடக்கும் கற்சுவர்களும் அதே போர்த்துக்கீசரின் எச்சங்களாகவே சொல்லப்படுகின்றன. கல் இடிந்தது, தாளம் இடியவில்லை.

ஆனால் ஈழத்துப் பொப்பின் கதையைக் கும்மாளத்திலிருந்து தொடங்குவது பிழை. திருகோணமலையைச் சேர்ந்த எம்.பி. பரமேஷ், தம் சகோதரர் எம்.பி. கோணேஷுடன் இணைந்து இசைத்துறையில் இயங்கியவர். 1960களின் பிற்பகுதியில் அவர் பாடிய 'உனக்குத் தெரியுமா' இசைத்தட்டாக வெளிவந்தது. ஈழத்துத் தமிழ்ப் பாடகர் ஒருவரின் முதல் இசைத்தட்டு என்ற பெருமையை ஈழத்து இசை பற்றி எழுதியோர் அதற்கே அளிக்கின்றனர். மாலினி என்பவர் மீது கொண்ட காதலில் பிறந்த பாட்டு அது. மாலினி பின்னர் அவருடைய துணைவியாராகி, தாமும் பாடகியாக விளங்கினார். ஆக, நம்மவர் இசைத்தட்டில் முதன்முதல் பதித்தது மாமியைக் கேலி செய்யும் பாட்டை அல்ல, ஒருவன் தன் காதலியை நோக்கிக் குரல் தாழ்த்திப் பேசிய பாட்டை.

அதில் வர்ணனை குறைவு. திரைப்பாடல்களில் நாம் கேட்டுப் பழகிய நிலவும் முல்லையும் முன்னால் வந்து நிற்பதில்லை. நினைப்பவனுக்கு ஒரே ஐயம்: நினைக்கப்படுபவளுக்கு அது தெரியுமோ? அவ்வளவுதான் பாட்டு. குரல் ஓங்குவதில்லை, வற்புறுத்துவதுமில்லை. 1956இல் இடுப்பை ஆட்டிப் பாடி ஊரைக் கலக்கிக்கொண்டிருந்த எல்விஸ் பிரெஸ்லி, 1861ஆம் ஆண்டுப் பழைய மெட்டொன்றை எடுத்து 'லவ் மீ டெண்டர்' என்று மெல்லப் பாடியபோது அமெரிக்க இளைஞர் உருகினார்கள். அவர்கள் எல்விஸின் ஆட்டத்தையும் மறக்கவில்லை, அந்த மென்மையையும் மறக்கவில்லை. நாம்தான் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டோம்.

இந்தப் பாட்டு தீவுகளில் ஏன் அப்படி ஒட்டிக்கொண்டது என்பதற்கு எனக்கு ஒரு விளக்கம் உண்டு. வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு என எங்கள் ஊர்கள் எல்லாம் ஆண்கள் இல்லாத ஊர்கள். சுருட்டுக்கடை, சாப்பாட்டுக்கடை, பலசரக்குக்கடை என்று கொழும்பிலும் தென்னிலங்கையின் சிறு பட்டினங்களிலும் எங்களவர் தொழில் செய்தனர். சித்திரை வருடப்பிறப்புக்கும், ஆனியில் நயினை நாகபூஷணி அம்மன் திருவிழாவுக்கும் வருவார்கள். மற்ற மாதங்களில் வருவது காசுக்கட்டளையும் கடிதமும். கடிதத்தில் நெல் விலையும் பிள்ளைகளின் படிப்பும் இருக்கும். மனைவியை நினைத்தேன் என்று எழுதும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. அப்படி எழுதியிருந்தாலும் அதை வாசித்துக் காட்டப் பக்கத்து வீட்டுப் பையனைத்தான் கூப்பிட வேண்டியிருந்திருக்கும்.

வேலணையில் என் சின்னம்மா அப்படிக் காத்திருந்தவர். சித்தப்பாவுக்குத் தெற்கே ஒரு பட்டினத்தில் சுருட்டுக்கடை. எங்கள் பக்கத்தில் அப்போது மின்சாரம் இல்லை. சித்தப்பா கொண்டுவந்து கொடுத்த ரான்சிஸ்டர்தான் அந்த வீட்டின் செல்வம். பற்றரி தீர்ந்துபோனால் வெயிலில் காயவைத்து மீண்டும் போடுவோம். இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பில் பி.எச். அப்துல் ஹமீதும், தீவக மண்ணான காரைநகர் தந்த கே.எஸ். ராஜாவும் அன்று எங்களுக்கு உறவினர் போலத்தான்.

1971ஆம் ஆண்டு என்று நினைவு. எனக்குப் பதினேழு வயது. சின்னம்மா ஒரு நாள் தபால் அட்டை ஒன்றை நீட்டி, "தம்பி, றேடியோவுக்கு ஒரு விருப்பம் எழுது. உன்ர பேரில எழுது. என்ர பேர் வரக்கூடாது" என்றார். எந்தப் பாட்டு என்று கேட்டேன். பாட்டின் பெயரைச் சொல்லாமல், "அந்தப் பரமேஷின்ர" என்று மட்டும் சொன்னார். இரண்டு பிள்ளைகளின் தாய் காதல் பாட்டுக் கேட்டாள் என்று ஊர் அறிந்தால் என்ன பேசும் என்பது அவருக்குத் தெரியும். எழுதிப் போட்டேன். சில வாரங்கள் கழித்து ஒரு மாலையில் என் பெயர் வானொலியில் வந்தது. பெருமையில் துள்ளினேன். சின்னம்மா துள்ளவில்லை; அரிக்கன் லாம்பைத் துடைத்தபடி நின்று கேட்டார். அந்த நேரத்தில் தென்னிலங்கைக் கடையொன்றில் அதே அலைவரிசை திறந்திருக்கும் என்ற கணக்கு எனக்கு அன்று புரியவில்லை.

இனி எழுதப்போவது என் பிழை. 1975இல் பத்திரிகையில் சேர்ந்தேன். அடுத்த ஆண்டு, பொப் இசைக்கு எதிராக ஒரு பத்தி எழுதினேன். இந்திய வணிகச் சஞ்சிகைகளின் வரவு கட்டுப்படுத்தப்பட்டு, ஈழத்து எழுத்துக்கும் ஈழத்து இசைக்கும் புதிய இடம் கிடைத்த காலம் அது. எஸ்.கே. பரராஜசிங்கம் போன்றோர் ஈழத்து மெல்லிசையை வானொலியில் வளர்த்துக்கொண்டிருந்தனர். மெல்லிசையே உயர்ந்தது, பொப் வெறும் கூத்து என்ற எண்ணம் எங்களில் பலருக்கு இருந்தது. நானும் அதையே எழுதினேன். மேற்கின் எச்சில் என்று ஒரு சொல்லையும் சேர்த்தேன். அடுத்த முறை ஊருக்குப் போனபோது சின்னம்மா கேட்டார்: "எல்லாம் கூத்தெண்டு எழுதிப்போட்டாய். அண்டைக்கு நீதானே தம்பி அட்டை எழுதினனி?"

பதில் சொல்ல எனக்கு எதுவும் இருக்கவில்லை. ஒரு வகைக்குப் பெயர் சூட்டி அந்தப் பெயரைக் கொண்டே எல்லாவற்றையும் தள்ளிவிடும் பழக்கம் விமர்சகர்களுக்கு இன்றும் உண்டு. பரமேஷின் பாட்டைப் பொப் என்பதா, மெல்லிசை என்பதா என்று வாதாடியவர்களை அறிவேன். கேட்டவர்கள் வாதாடவில்லை.

1977 ஓகஸ்ட் வன்செயலில் சித்தப்பாவின் கடை எரிந்தது. உடுத்த உடுப்போடு அகதியாக ஊர் வந்து சேர்ந்தார். அதன் பின் அவர் தெற்கே போகவேயில்லை. வேலணையில் புகையிலை நட்டார். ஒரு நாள் முற்றத்தில் இருந்தபோது ரான்சிஸ்டரில் அந்தப் பாட்டு வந்தது. சித்தப்பா சுருட்டை எடுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல், "அண்டைக்கு நீ கேட்டு இதைப் போட்டவங்கள். கடையில நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தனான்" என்று என்னிடம் சொன்னார். என்னிடம்தான் சொன்னார். சின்னம்மா அடுப்படியில் இருந்தார். சட்டிபானைச் சத்தம் நின்றது.

1978இல் நெடுந்தீவைக் களமாகக் கொண்ட செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவல் திரைப்படமாக வந்தது. பொப் பாடகர் மனோகரன் அதில் நடித்தார். அந்நாட்களில் ஒரு செய்திக்காக நெடுந்தீவுக்குக் 'குமுதினி'யில் போனேன். இளைஞர்கள் கையில் ரான்சிஸ்டர். எஞ்சின் இரைச்சலை மீறி 'சின்ன மாமியே'க்குத் தாளம் போட்டவர்கள், பரமேஷின் குரல் வந்ததும் கடலைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். இன்று குமுதினி என்றால் 1985 மே 15ஆம் நாள்தான் நினைவுக்கு வரும். பெண்கள், குழந்தைகள் உட்பட முப்பதுக்கும் மேற்பட்டோர் அந்தப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டதை நெடுந்தீவு மக்கள் ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றனர். நினைவுகூரத்தான் வேண்டும். அதே பலகைகளில் அமர்ந்து காதல் பாட்டுக் கேட்டவர்களும் இருந்தார்கள் என்பதையும் யாராவது எழுதிவைக்க வேண்டுமல்லவா?

1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவுகள் பெரும்பாலும் வெறுமையாகின. சின்னம்மா வீட்டுக் கூரை போயிற்று. ரான்சிஸ்டரும், சித்தப்பா ஒருமுறை கொழும்பிலிருந்து வாங்கிவந்த அந்த இசைத்தட்டும் போயின. தட்டைச் சுழற்றப் பெட்டி எங்கள் வீட்டில் எந்நாளும் இருந்ததில்லை. எதற்கு வாங்கினார் என்று ஒருவரும் அவரைக் கேட்டதுமில்லை. பரமேஷ் குடும்பமும் ஜேர்மனிக்குப் பெயர்ந்தது. அவர் மகள் பிரபாலினி அங்கு இசையமைப்பாளராக வளர்ந்தார். சித்தப்பா 1996இல் வவுனியாவிலும், சின்னம்மா பத்தாண்டு கழித்து ரொறன்ரோவிலும் மறைந்தனர்.

அன்று மண்டபத்தில் பாட்டு முடிந்ததும் அந்த இளைஞர் என்னிடம் வந்து, பாடகரின் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டார். மேசையில் கிடந்த அழைப்பிதழின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தேன்.